ஜப்பானியப் பச்சைத் தேநீருக்குக் கெண்டி வாங்கிய அனுபவங்கள்

பணி நிமித்தமாக நகோயாவில் தங்கியிருந்த காலத்தில், அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய தொகோனாமே என்னும் மட்பாண்ட ஊருக்கு நான் இருமுறை சென்றேன். முதல் முறை தவறான கெண்டியை வாங்கி வந்தேன். இரண்டாம் முறை சென்றது அந்தத் தவறைச் சரிசெய்துகொள்வதற்காக.

ஜப்பானின் ஆறு தொன்மையான சூளைத்தலங்களுள் ஒன்றாகக் கருதப்படும் அவ்வூரில், பழைய சுடுமண் குழாய்களையும் சாராயச் சாடிகளையும் அடுக்கிக் கட்டிய சுவர்களுக்கிடையே ஏறிச் செல்லும் சந்துகளில் கடைகள் இருக்கின்றன. அங்கு விற்கும் மெருகு பூசாத செந்நிறக் கெண்டிக்குக் கியூசு என்று பெயர். அதன் கைப்பிடி பின்புறத்தில் இராமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். நிறத்திலும் வடிவத்திலும் மயங்கி, ஏறத்தாழ 400 மி.லி. கொள்ளும் ஒன்றை வாங்கினேன். கையில் இருந்த இலையோ கியோட்டோவுக்கு அருகிலுள்ள ஊஜியில் விளைந்த, கியோகுரோ என்னும் உயர்வகைப் பச்சைத் தேயிலை. பறிப்பதற்கு முன் ஏறக்குறைய 20 நாள்கள் செடிகளுக்கு நிழல் கட்டி வளர்ப்பதால், அதில் இனிப்பும் உமாமி என்னும் கறிச்சாறு போன்ற சுவையும் தரும் தியானின் என்னும் அமினோ அமிலம் மிகுந்திருக்கும். அதை 50 அல்லது 60 டிகிரி வெந்நீரில், மிகக் குறைந்த அளவில், இரண்டு நிமிடம் ஊறவைக்க வேண்டும்.

5 கிராம் இலையை இட்டு 60 மி.லி. நீரை ஊற்றினேன். அகன்ற அடிப்பாகத்தில் நீர் பரவிக்கொள்ள, பாதி இலை நனையவே இல்லை. கெண்டி நிறைய ஊற்றியபோது கழுநீர் போலச் சப்பென்றிருந்தது. சுவை இறங்கட்டும் என்று கொதிநீரை ஊற்றியதும், சூட்டில் விரைந்து கரையும் கட்டெக்கின்கள் கசப்பையும் துவர்ப்பையும் கொண்டுவந்துவிட்டன. விலையுயர்ந்த இலையில் மூன்றில் ஒரு பங்கு இப்படியே வீணாயிற்று.

இரண்டாம் முறை நான் நுழைந்த கடையின் மூதாட்டி, எதையும் எடுத்துக் காட்டுவதற்கு முன் என்ன இலை, எத்தனை பேருக்கு என்று கேட்டார். பிறகு ஒரு கியூசுவில் நீர் நிரப்பிச் சாய்த்து, மூடியிலுள்ள சிறு துளையை விரலால் அடைத்தார். ஒழுகிக்கொண்டிருந்த நீர் சட்டென்று நின்றது. மூடியையும் வாயையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தியிருப்பதற்கு அதுவே சோதனையாம். ஆனால் எனக்கு அவர் தந்தது கியூசு அன்று. கைப்பிடியும் வடிகட்டியும் இல்லாத, 100 மி.லி.யே கொள்ளும் ஷிபோரிதாஷி என்ற தட்டையான சிறுகலம். ஊசி போன்ற முழு இலைகளை மூடியின் விளிம்பே தடுத்துவிடுகிறது. நீர் சூடாக இராததால் வெறுங்கையாலேயே பிடிக்க முடிகிறது.

கூடவே யுசமாஷி என்ற ஆற்றும் கிண்ணமும் வாங்கினேன். ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் நீரின் சூடு சுமார் 10 டிகிரி குறையும். நம் ஊரில் தேநீரைப் போட்டபின் ஆற்றுகிறோம். அங்கே நீரை ஆற்றியபின் தேநீர் போடுகிறார்கள். மண்ணின் தன்மை சுவையை மாற்றும் என்று பலர் சொல்வதை நான் மறுக்கவில்லை என்றாலும், அளவைத் தவறவிட்டவனுக்கு எந்த மண்ணும் உதவாது என்பதே என் கருத்து.

ஓசாகாவிலிருந்து ஓர் உறுப்பினர்:

மேலே உள்ளதைப் படித்துவிட்டு எல்லோரும் ஷிபோரிதாஷி வாங்கிவிட வேண்டாம். நான் அன்றாடம் அருந்துவது ஃபுகாமுஷி, அதாவது நெடுநேரம் ஆவியில் வேகவைத்த, செஞ்சா என்னும் பச்சைத் தேயிலை. அதன் இலை நொறுங்கித் தூளாகவே வருவதால், வடிகட்டி இல்லாத கலத்தில் பாதித் தூள் கோப்பைக்கு வந்துவிட்டது. சில துளைகளே உள்ள பழைய பாணிக் கெண்டியிலோ மூக்கு அடைத்துக்கொண்டு, 40 நொடியில் வடிய வேண்டியது இரண்டு நிமிடம் சொட்டியது. இறுதியில், உட்சுவரைச் சுற்றிப் பட்டையாக எஃகு வலை பொருத்திய சாதாரணக் கியூசுவே கைகொடுத்தது. அழகுக்குறைவுதான்; ஆனால் கடைசித் துளிவரை வடிகிறது. அத்துளி உள்ளே தங்கினால் அடுத்த முறை ஊற்றும் தேநீர் கசக்கும்.

இன்னொன்று: நான் இடக்கைக்காரன். வழக்கமான கியூசு வலக்கைக்கென்றே செய்யப்பட்டது. இடக்கையால் ஊற்றும்போது மணிக்கட்டை வெளிப்புறமாகத் திருக நேர்ந்து, இருமுறை மூடி நழுவிற்று. கைப்பிடி மறுபுறம் அமைந்தவையும் கிடைக்கின்றன; கேட்டு வாங்க வேண்டும்.

மற்றோர் உறுப்பினர்:

புதிய கியூசுவின் மூக்கு நுனியில் ஒரு சிறிய நெகிழிக் குழாய் மாட்டியிருக்கும். உடையாமல் கொண்டுவருவதற்காக வைத்த அதை, ஒழுகாமல் ஊற்றுவதற்கான உறுப்பு என்று எண்ணி ஓராண்டு வைத்திருந்தேன். கழற்றியபோது உள்ளே கறுப்பாகப் பூசணம் படிந்திருந்தது.

முதலில் எழுதியவர்:

இதைப் படித்தவுடன் எழுந்து சென்று, அலமாரியில் கிடந்த அந்த 400 மி.லி. கெண்டியைப் பார்த்தேன். குழாய் இன்னும் அப்படியே மாட்டியிருக்கிறது.