கலைச்சொல்: வான் வில்லிபிராண்ட் நோய் – ‘உறையாமை’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

காயம் பட்டால் இரத்தக்கசிவு எளிதில் நிற்காத பரம்பரை நோயான வான் வில்லிபிராண்ட் நோய்க்கு, நம் கையேட்டில் எழுதப் ‘பரம்பரைக் குருதி உறையாமை’ என்று ஐயா நேற்று சொன்ன சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. இரத்தம் சரியாக உறையாத வேறொரு பரம்பரை நோயான ஹீமோபீலியாவுக்கு ‘உறையாமை’ ஏற்கெனவே புழங்குகிறது. அதைவிடப் பெரிய காரணம், இந்த நோயில் பழுது உறைதலில் தொடங்குவதில்லை.

இந்த நோய் நாய்களுக்கும் வரும். என் அண்ணன் வீட்டு டாபர்மேன் குட்டிக்குப் பால்பல் விழுந்தபோது, தண்ணீர்க் கிண்ணம் இரண்டு நாளாக இளஞ்சிவப்பாகவே இருந்தது. மருத்துவர் அதன் மேலுதட்டை மடித்துத் துணிப்பட்டையால் கட்டி, உள்பக்கம் சின்னதாக ஒரு கீறல் போட்டார். கீறலைத் தொடாமல், கீழே வழிகிற இரத்தத்தை மட்டும் உறிஞ்சுதாளால் ஒற்றியபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நலமான நாய்க்கு நான்கு நிமிடத்துக்குள் நின்றுவிடுமாம். இதற்குப் பத்து நிமிடம் தாண்டியும் கசிந்தது. ஆனால் அதே நாயின் இரத்தத்தைக் குழாயில் எடுத்துச் செய்த உறைதல் சோதனைகள் சரியாகவே வந்தன. உறைகிற இரத்தத்துக்கு உறையாமை என்று எப்படிப் பெயர் வைப்பது?

இரத்தக்குழாய் கிழிந்தால் முதலில் ஓடிவந்து அடைப்பவை தட்டணுக்கள் (platelets) என்ற இரத்தத்தின் மிகச்சிறு அணுக்கள். ஓடுகிற இரத்தத்தில் அவை தாமாகக் கிழிசலில் தங்கிவிட முடியாது. சங்கிலிபோல நீண்ட ஒரு புரதம் கிழிசலில் வெளிப்பட்ட கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை ஒருபக்கம் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் தட்டணுவைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தப் புரதத்தில்தான் கோளாறு. இரத்தம் உறையத் தேவையான ‘எட்டாம் உறைதல் காரணி’ என்ற இன்னொரு புரதத்தைச் சுமந்து காப்பதும் அதுவே என்பதால், கடுமையான நிலையில் உறைதலும் கெடும். ஆனால் அது இரண்டாவதாக வருவது.

1926-இல் ஃபின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட், ஓலாந்துத் தீவுகளின் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதியபோது, இதைப் ‘பரம்பரைப் போலி ஹீமோபீலியா’ என்றார். ஹீமோபீலியா பெரும்பாலும் ஆண்களைத் தாக்குவது. இங்கோ பெண்களும் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அவர் பார்த்த சிறுமி 13 வயதில் மாதவிடாய் இரத்தப்போக்கு நிற்காமலே இறந்துபோனாள். இதைப் படித்தபின் ‘போலி’ என்ற அடைமொழியைத் தமிழில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

‘தட்டணு ஒட்டாமை’ என்று போன வாரம் நான்தான் சொன்னேன். அக்கா காட்டிய குறை சரியானது: பெர்னார்டு-சூலியே என்ற வேறொரு பரம்பரை நோயிலும் தட்டணு ஒட்டாது. அங்கே புரதம் நன்றாக இருக்கிறது, அதைப் பிடிக்கத் தட்டணுவில் இருக்கவேண்டிய ஏற்பிதான் இல்லை. அதனால் விளைவை விட்டுவிட்டுப் புரதத்தைப் பிடிப்போம். புரதத்துக்கு ‘தட்டணு ஒட்டுப்புரதம்’, நோய்க்கு ‘ஒட்டுப்புரதக் குறை’.

‘குறைவு’ என்று எழுதிவிட வேண்டாம். இந்த நோய் மூன்று வகை. டாபர்மேனுக்கு வருவதும் மனிதரில் மிகுதியாகக் காண்பதும் முதல் வகை; புரதம் அளவில் குறைந்திருக்கும். ஸ்காட்டிஷ் டெரியருக்கு வரும் மூன்றாம் வகையில் புரதம் அறவே இராது. ஆனால் ஜெர்மன் பாயின்டர் இனங்களில் காணும் இரண்டாம் வகையில் புரதத்தின் தரமே பழுது. ‘குறைவு’ அளவை மட்டும்தான் சொல்லும். ‘குறை’ என்றால் போதாமையும் வரும், பழுதும் வரும். ‘கண்ணில் ஏதோ குறை’ என்று சொல்கிறோமே, அதே பொருள்தான். மூன்று வகையையும் ஒரே சொல் தாங்குகிறது.

‘ஒட்டுப்புரதம்’ என்பதற்கு மாற்றாகப் ‘பற்றுப்புரதம்’ அழகாக இருந்தாலும், பற்று என்றதும் கணக்குப் புத்தகம் நினைவுக்கு வருகிறது. ‘ஒட்டு’ யாருக்கும் விளங்கும்.

கையேட்டில் பெண்களுக்கான பக்கத்தை இப்போதைக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: ‘மாதவிடாய் இரத்தப்போக்கு ஏழு நாளைத் தாண்டிப் போகிறதா? பல் பிடுங்கினால் நெடுநேரம் இரத்தம் கசிகிறதா? அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இப்படி இருந்ததா? ஒட்டுப்புரதக் குறை இருக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.’ வாசிக்கும்போது எங்காவது இடறினால் சொல்லுங்கள்.