பத்துக்கு எட்டு சதுரங்கத்துக்குக் காசு கட்டணுமா?

முக்கூடல் யானை:
பத்துக்கு எட்டு கட்டப் பலகையில் ஆளுக்கு இரண்டு புதுக் காய் கூடுதலாக வைத்து ஆடுகிற கோதிக் செஸ்ஸின் தொடக்கக் காய் வரிசையைச் செயலியில் போட்டால், அதற்கு 2002ல் காப்புரிமை வாங்கிய அமெரிக்கக்காரருக்குக் காசு கட்டணும் என்று பாளை சிப்பாய் எழுதியதைப் படித்துப் பயந்துபோய், தச்சநல்லூர்த் தம்பி ஒருத்தர் தன் செயலியிலிருந்து அந்த ஆட்டத்தையே தூக்கிவிட்டார். ஏன் வே இப்படிப் பீதியைக் கிளப்புகிறீர்? புதுப்பிப்புக் கட்டணம் கட்டாததால் 2006லேயே காலாவதியான காப்புரிமை அது.

பாளை சிப்பாய்:
2002ல் கொடுத்தார்களா இல்லையா? அதற்குப் பதில் சொல்லும்.

முக்கூடல் யானை:
கொடுத்தார்கள், கொடுத்திருக்கவே கூடாது. அந்தப் புதுக் காய்கள், அதாவது யானையும் குதிரையும் சேர்ந்த மாதிரி நகரும் காய், மந்திரியும் குதிரையும் சேர்ந்த மாதிரி நகரும் காய், இரண்டையும் 1617லேயே இத்தாலிக்காரர் கரேரா எழுதிவிட்டார். அப்புறம் 1874ல் இங்கிலாந்து ஆட்டக்காரர் பேர்டு, 1920களில் உலக சாம்பியனாக இருந்த காப்பபிளாங்கா, இதே காய்களை வேறு வரிசையில் வைத்தார்கள். எல்லாம் அதே பத்துக்கு எட்டு கட்டம்தான். காயை இடம் மாற்றி வைத்தால் கண்டுபிடிப்பா?

பாளை சிப்பாய்:
வாய் பேசுகிறதை விட்டுவிட்டுப் பலகையில் அடுக்கிப் பாரும். காப்பபிளாங்கா வரிசையில் ராஜா பக்கக் குதிரைக்கு முன்னால் நிற்கிற சிப்பாய்க்குக் காவலே கிடையாது, ஆட்டம் ஆரம்பிக்கும்போதே ஓட்டை. கோதிக்கில் அந்தக் குதிரைக்குப் பக்கத்தில் மந்திரி நிற்கும், ஒரு சிப்பாய்கூட அநாதை இல்லை. ஒருத்தர் உட்கார்ந்து யோசித்த யோசனை அது, அதனால்தான் 2002ல் கொடுத்தார்கள். கரேரா கரேரா என்று ஆயிரம் தடவை சொன்னாலும் அந்த வரிசை கரேராவுடையது ஆகாது.

அம்பை குதிரை:
அண்ணாச்சி, நம்ம ஊர்ச் சட்டத்தையும் பாருங்கள். 1970 காப்புரிமைச் சட்டம், பிரிவு 3(எம்): விளையாடும் முறை கண்டுபிடிப்பே ஆகாது. அமெரிக்கா கொடுத்தது அமெரிக்காவுக்குள் மட்டும்தான் செல்லும்.

பாளை சிப்பாய்:
பிளே ஸ்டோரில் போட்டால் அமெரிக்காவிலும்தானே இறக்குவார்கள்? சட்டம் படித்த தம்பிக்கு இது தெரியாதா? கொடுத்தது கொடுத்ததுதான்.

முக்கூடல் யானை:
செத்துப்போன காப்புரிமை வே! 2006!

தென்காசி ராணி:
காப்புரிமை கிடக்கட்டும், உரிமத்துக்கு வாங்க. பாளை அண்ணாச்சி காசுக்கு விற்கிற பயிற்சிச் செயலிக்குள் ஓடுவது ஃபேரி ஸ்டாக்ஃபிஷ், ஸ்டாக்ஃபிஷ் என்கிற இலவசச் சதுரங்க நிரலிலிருந்து வந்தது. அது ஜிபிஎல் என்கிற திறந்த மென்பொருள் உரிமத்தில் வருவது, செயலியை வாங்கியவர் கேட்டால் மூலநிரல் கொடுத்தாகணும். காசு கொடுத்து வாங்கிய நான் கேட்டு மெயில் போட்டேன், பதிலே இல்லை. இதே மாதிரி உரிமச் சண்டையில்தான் ஸ்டாக்ஃபிஷ்காரர்கள் 2021ல் செஸ்பேஸ் என்கிற ஜெர்மன் சதுரங்க மென்பொருள் நிறுவனத்தின் மீது மியூனிக்கில் வழக்குப் போட்டார்கள். 2022 சமரசத்தில் ஸ்டாக்ஃபிஷ் உள்ள பொருள்களை ஓராண்டு விநியோகிப்பதில்லை என்று செஸ்பேஸ் ஒப்புக்கொண்டது. அடுத்தவர் உரிமைக்கு இவ்வளவு துடிக்கிற நீங்கள் அந்த உரிமத்தை மட்டும் ஏன் மதிக்கவில்லை?

பாளை சிப்பாய்:
யார் கேட்கிறது பாருங்கள்! போன கோடைப் போட்டியில் தோற்ற ஆட்டத்தை நடுவரிடம் அழுது டிரா ஆக்கினவர் எனக்கு நியாயம் சொல்ல வந்துவிட்டார்.

தென்காசி ராணி:
மூன்று தடவை அதே நிலை வந்தது, கோரினேன், நடுவர் கொடுத்தார். மூலநிரல் எங்கே?

பாளை சிப்பாய்:
முதலில் யானை பதில் சொல்லட்டும். 2002ல் கொடுத்தார்களா இல்லையா?

முக்கூடல் யானை:
1617.