எல்க் ஹார்னில் காலியாக இருந்த குழி: அயோவாவின் டேனிஷ் ஊர்களில் நமக்கு நேர்ந்த சந்திப்புகள்

ஒமாகாவாசி

ஐ-80 நெடுஞ்சாலையில் போய்வருகிறவர்களுக்கு எல்க் ஹார்னைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. டேனிஷ் மக்கள் இங்கே குடியேற வந்தபோது தங்களுடன் கொண்டுவந்த காற்றாலையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தேங்க்ஸ்கிவிங் முடிந்த வார இறுதியில் அங்கே ‘யூலஃபெஸ்ட்’ என்னும் கிறிஸ்துமஸ் விழா நடக்கிறது. கூடம் ஒன்றில் வயதான பெண்மணி ஒருவர் எபிள்ஸ்கீவர் என்னும் டேனிஷ் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார். ஏழு குழிகள் கொண்ட வார்ப்பிரும்புச் சட்டி, ஏலக்காய் மணக்கும் மோர் மாவு, கையில் ஒரு பின்னல் ஊசி. நம் வீட்டுக் குழிப்பணியாரச் சட்டியேதான். நான் அசையாமல் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு ஊசியை என்னிடம் நீட்டினார். நான் வழக்கப்படி ஒரே தள்ளில் முழுவதுமாகப் புரட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். கால்பங்கு மட்டும் சாய்க்க வேண்டும், உள்ளே வேகாமல் இருக்கும் மாவு வழிந்து குழியின் அடியை நிரப்பும், பிறகு இன்னொரு கால்பங்கு, இப்படிச் செய்தால்தான் முழு உருண்டை கிடைக்கும் என்று சொல்லிக் கொடுத்தார். விரல்கள் நடுங்கின, ஆனால் ஊசி மாவைத் தொட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது.

அங்கே நின்ற நேரத்தில் நான்கு ஈடு எடுத்தார். நான்கு முறையும் ஆறு குழிகளில்தான் மாவு ஊற்றினார். ஏழாவது குழிக்கு எண்ணெய் தடவினார், சூடு பார்த்தார், மாவு மட்டும் ஊற்றவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. பின்னால் வரிசை நீண்டிருந்தது, தட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். இரண்டு ஆண்டுகளாக அந்தக் குழி என் நினைவைவிட்டு அகலவில்லை. இங்கே யாருக்காவது காரணம் தெரியுமா?

இன்ஷியல் எஸ்

குழியைப் பற்றி எனக்குத் தெரியாது. அதே ஊரில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்கு நான் சொன்ன பதில்தான் என்னை உறுத்துகிறது.

அங்குள்ள டேனிஷ் அமெரிக்க அருங்காட்சியகத்தில் வம்சாவளி ஆய்வுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. மழைக்கு ஒதுங்கி உள்ளே போயிருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த தன்னார்வலர், டேனிஷ் பதிவேடுகளில் ஒரு குடும்பத்தைத் தேடுவது ஏன் கடினம் என்பதை ஒரு தாளில் வரைந்து காட்டினார். ஆண்டர்ஸின் மகன் யென்ஸ் என்றால் அவர் யென்ஸ் ஆண்டர்சன். அவருடைய மகன் பீட்டர் என்றால் அவர் பீட்டர் யென்சன். மகளாக இருந்தால் யென்ஸ்டாட்டர். தலைமுறைக்குத் தலைமுறை பின்பெயர் மாறும். 1828-இல் அரசாணை போட்டுக் குடும்பப் பெயரை நிலையாக்கச் சொன்ன பிறகும் கிராமங்களில் பழைய வழக்கம் நெடுநாள் தொடர்ந்தது.

எங்கள் வழக்கமும் இதுதான், அப்பாவின் பெயர் எனக்கு இன்ஷியல், என் பெயர் என் மகளுக்கு இன்ஷியல் என்று நான் உற்சாகமாகச் சொன்னேன். அவர் தாளின் மறுபக்கத்தைத் திருப்பி என் அப்பாவின் பெயரை எழுதச் சொன்னார், அதற்குக் கீழே என் பெயர், அதற்குக் கீழே மகளின் பெயர். பிறகு பென்சில் முனையை அப்பாவின் பெயர்மேல் வைத்து, “அப்படியானால் இவர் எந்த இடத்தில் நின்றுபோகிறார்?” என்று கேட்டார். மகளின் கடவுச்சீட்டில் பின்பெயராக இருப்பது என் பெயர். இனி அவள் பிள்ளைகளுக்கும் அதுவே போகும். “வசதிக்காக அப்படி வைத்தோம்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அப்பா காலமாகி அப்போது நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. அந்தத் தாள் இன்னும் காரின் முன்பெட்டிக்குள் இருக்கிறது.

காரைக்குடிப் பெண்

நானும் அந்த ஊரில்தான் என் சட்டியை வாங்கினேன். இதற்குள் என்ன பூரணம் வைப்பீர்கள் என்று கடைக்காரர் கேட்டார், கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துப் போடுவோம் என்றேன், அவர் அதைத் தாளில் குறித்துக்கொண்டார்.

ஒமாகாவாசி அவர்களுக்குப் பதில் மிக எளிது. நடுக்குழி நேராகத் தீயின்மேல் இருப்பதால் மற்ற ஆறும் வேகுமுன் கருகிவிடும். அனுபவம் உள்ளவர்கள் அதை விட்டுவிடுவார்கள். நீங்களும் இதே சட்டி வாங்குவதாக இருந்தால் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பழைய சட்டிகளின் அடியில் ஒரு வளையம் இருக்கும். அது விறகடுப்பின் வட்டத் திறப்பில் பொருந்துவதற்காக வார்த்தது. கண்ணாடி மேற்பரப்புள்ள மின்னடுப்பில் அத்தகைய சட்டி சரியாக அமராது, சூடும் சீராகப் பரவாது, ஆகையால் அடி தட்டையான சட்டியாகப் பார்த்து வாங்குங்கள். வார்ப்பிரும்பு மெதுவாகத்தான் சூடேறும். சிறுதீயில் பத்து நிமிடம் காயவிட்டு அதன்பின் எண்ணெய் தடவுங்கள், அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் மேலே சிவந்து உள்ளே மாவாகவே நிற்கும். அவர்களுடைய மாவில் முட்டையின் வெள்ளைக்கருவைத் தனியாக நுரைக்க அடித்துக் கடைசியில் கலப்பார்கள். அது பொங்கும் என்பதால் குழியின் முக்கால் அளவுக்குமேல் ஊற்றக்கூடாது. புளித்த இட்லி மாவு அந்த அளவுக்குப் பொங்காது, எனவே கால்பங்கு சாய்க்கும் முறை நம் பணியாரத்துக்கு ஒத்துவராது. நீங்கள் ஒரே தள்ளில் புரட்டியதில் தவறேதும் இல்லை. கழுவியபின் சட்டியை ஈரத்தோடு வைக்காதீர்கள், துடைத்து, அடுப்பில் காட்டி, ஒரு சொட்டு நல்லெண்ணெய் தேய்த்து எடுத்து வையுங்கள். பெயருக்கு ஏற்றபடி (டேனிஷில் ‘எபிள்’ என்றால் ஆப்பிள்) உள்ளே ஆப்பிள் துண்டு வைப்பதுதான் பழைய வழக்கம். இப்போது பெரும்பாலும் வெறும் மாவில் சுட்டுப் பழக்கூழும் பொடித்த சர்க்கரையும் தொட்டுத்தான் சாப்பிடுகிறார்கள்.

மரத்தச்சன்

முதல் பதிவில் ஒரு பிழை இருக்கிறது, அதைத் திருத்தாமல் கடந்துபோக என்னால் முடியவில்லை. காற்றாலையைக் குடியேறியவர்கள் கொண்டுவரவில்லை. அது 1848-இல் டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில், நோர ஸ்னேட என்ற ஊரில் கட்டப்பட்டது. எல்க் ஹார்னுக்கு வந்தது 1976-இல். குடியேற்றம் தொடங்கி நூறு ஆண்டுகள் கழித்து, பேரன்களின் காலத்தில், ஊர்மக்கள் பணம் திரட்டி அதை வாங்கினார்கள். அங்கே மரம் மரமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு, எப்படிப் பூட்டுவது என்று தெரிவதற்காகச் சிறு மாதிரி ஒன்றும் செய்து அனுப்பினார்கள். அறுபது அடி உயரமுள்ள அந்த ஆலையை முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் கூலி வாங்காமல் எழுப்பினார்கள். அறுநூறு பேர் அளவில் வாழும் ஊர் அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

நான் போன அன்று நல்ல காற்று. மேல்தளத்தில் நின்றுகொண்டிருந்தபோது இறக்கைகள் சுற்றத் தொடங்கின. முதலில் சத்தம் கேட்கவில்லை, காலடிப் பலகைதான் அசைந்தது. பிறகுதான் மரப்பற்கள் ஒன்றையொன்று கவ்வும் ஓசை மேலிருந்து இறங்கி வந்தது. கீழே கல்லிலிருந்து விழுந்த கம்பு... மன்னிக்கவும், கம்பு அல்ல, ரை என்னும் தானியத்தின் மாவை ஆலைக்காரர் என் உள்ளங்கையில் கொட்டினார். சூடாக இருந்தது. மாவு மில்லில் தூக்குவாளியை வாங்கும்போது உணர்ந்த அதே சூடு.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாங்கிக் கொண்டுவந்து நட்ட பொருளைப் பரம்பரை என்று அழைக்கலாமா என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. 1878-இல் அந்த ஊரில் தொடங்கிய மக்கள் கல்விச்சாலை (வளர்ந்தவர்கள் தங்கிப் படிக்கும் பள்ளி), டேனிஷ் முறையில் அமெரிக்காவில் அமைந்த முதல் மக்கள் கல்விச்சாலை, இன்று இல்லை. அதைக் காப்பாற்றியிருந்தால் அதுவல்லவா பரம்பரை?

கல்லறைத்தோட்டம்

மரத்தச்சன் அவர்களே, நீங்கள் தந்த தகவல்கள் சரி, முடிவு சரியல்ல. 1918-ஐ விட்டுவிட்டு இந்த ஊரைப் பற்றிப் பேச முடியாது.

அந்த ஆண்டு மே 23-ஆம் நாள், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பள்ளியில் ஆங்கிலம் மட்டுமே, பொது இடத்திலும் ரயிலிலும் தொலைபேசியிலும் ஆங்கிலம் மட்டுமே, மேடைப்பேச்சும் ஆங்கிலத்தில்தான், ஆங்கிலம் புரியாதவர்கள் தங்கள் வழிபாட்டை வீட்டுக்குள் நடத்திக்கொள்ள வேண்டும். குறி ஜெர்மன் மொழிதான் என்றாலும் எல்லா மொழிகளும் அதில் அடங்கின. டென்மார்க் அந்தப் போரில் நடுநிலை நாடு. 1864-இல் ஜெர்மானியர்களிடம் ஸ்லெஸ்விக் என்னும் எல்லைப் பகுதியை இழந்த மக்கள் அவர்கள். அவர்களுடைய கோயில்களிலும் டேனிஷ் பிரசங்கம் நின்றது. அறிவிப்பு டிசம்பரிலேயே திரும்பப் பெறப்பட்டது, ஆனால் ஆறு மாதத்துக்கும் மேலாக வாயை மூடச் சொல்லிப் பழக்கிய பிறகு பழைய நிலை அப்படியே திரும்புவதில்லை.

எல்க் ஹார்னுக்கு அருகே ஒரு கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எனக்கு ஒரே குடும்பத்தின் மூன்று கற்களைக் காட்டினார். முதல் இரண்டிலும் பிறப்பும் இறப்பும் டேனிஷ் சொற்களில் செதுக்கப்பட்டிருந்தன. மூன்றாவதில் ஆங்கிலம். மூன்றாவது அவருடைய அப்பாவுடையது. உங்களுக்கு டேனிஷ் தெரியுமா என்று கேட்டேன். தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்னும் ஜெபத்தை ஆரம்பம் முதல் ஆமென் வரை டேனிஷில் தடுமாறாமல் சொன்னார். பாட்டி சொல்லிக் கொடுத்ததாம். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டேன், அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ‘ப்ரோ’ என்றால் ரொட்டி என்று சொன்னார். மற்றவை தெரியாது என்று சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்த்தார். பிறகு தொப்பியை அணிந்து இயந்திரத்தைக் கிளப்பிவிட்டார். நான் காருக்குத் திரும்பும்வரை அவர் தலை நிமிரவில்லை.

அந்தத் தலைமுறைக்கு மொழியை விலை கொடுத்துத் திரும்ப வாங்க வழியில்லை. ஓர் ஆலையை வாங்க வழி இருந்தது, வாங்கினார்கள். கல்விச்சாலையைக் காப்பாற்றியிருக்கலாமே என்று கேட்கும்போது, அங்கே எந்த மொழியில் பாடம் நடத்தியிருப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மரத்தச்சன்

உங்கள் வாதத்தை ஏற்கிறேன். ஆனால் எல்லாப் பழியையும் ஆளுநர்மேல் போட்டுவிட முடியாது. 1894-இலேயே அமெரிக்காவின் டேனிஷ் லுத்தரன் திருச்சபை இரண்டாகப் பிளந்துவிட்டது. டேனிஷ் போதகரும் கவிஞருமான கிருண்ட்விக்கைப் பின்பற்றியவர்கள் பாட்டும் நடனமும் தாய்மொழியும் நம்பிக்கையின் பகுதியே என்றார்கள். டென்மார்க்கின் பக்தி இயக்கமான உள்மிஷன் வழியினர் மனந்திரும்புதலே முதன்மை என்றார்கள். எல்க் ஹார்ன் ஒரு பக்கம் நின்றது, மூன்று மைல் தள்ளியிருக்கும் கிம்பல்டன் மறுபக்கம் நின்றது. மொழியைக் கட்டிக் காப்பதில் இரண்டு ஊர்களுக்கும் அன்றே ஒத்த கருத்து இல்லை.

மக்காச்சோளம்

கிம்பல்டன் பெயர் வந்ததால் எழுதுகிறேன். அங்குள்ள பூங்காவில் கோபன்ஹேகன் கடற்கன்னிச் சிலையின் நகல் இருக்கிறது, ஒரு நீரூற்றின் நடுவில். முந்நூறு பேர் வாழும் ஊர், கடல் எந்தத் திசையில் போனாலும் பல நூறு மைல். அக்டோபரில், அறுவடை நடக்கும்போது போனேன். சுற்றிலும் அறுவடை இயந்திரங்கள் கிளப்பிய மக்காச்சோளத் தூசி பறந்து சிலை முழுவதும் மஞ்சளாகப் படிந்திருந்தது. பண்ணை உடையில் ஒரு பெண் நீரூற்றின் விளிம்பைக் கடந்து இறங்கி, ஈரத்துணியால் சிலையின் முகத்தை மட்டும் துடைத்துவிட்டுப் போனார். தோளையும் வாலையும் தொடவில்லை. அதற்குள் என் பிள்ளைகள் அழைத்துவிட்டார்கள், போய்விட்டேன். வேறொன்றும் நடக்கவில்லை. எனினும் துடைத்த முகமும் தூசி படிந்த உடலுமாக அந்தச் சிலை கண்முன் நிற்கிறது.

காரைக்குடிப் பெண்

ஒமாகாவாசி அவர்களே, உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். இன்னொன்று: நடுக்குழியில் கருகுவதைத் தவிர்க்க அதில் சிறிது தண்ணீர் ஊற்றி வைக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஒமாகாவாசி

எல்லோருக்கும் நன்றி. காற்றாலையைப் பற்றி நான் எழுதியது தவறு, மரத்தச்சன் அவர்கள் திருத்தியதற்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

காரைக்குடிப் பெண் அவர்களுக்கு: நான் நடுக்குழி என்று எழுதவில்லை. அவர் காலியாக விட்டது கைப்பிடிக்கு நேர் எதிரே இருக்கும் ஓரக்குழி. உங்கள் பதிலைப் படித்தபின் அந்தக் காட்சியைப் பல முறை நினைவில் ஓட்டிப் பார்த்தேன். ஈட்டுக்கு ஈடு அவர் சட்டியைச் சற்றுத் திருப்பி வைத்தார், சூடு எல்லாப் பக்கமும் படுவதற்காக இருக்கலாம். ஆகவே அந்தக் குழி ஒருமுறை அவர் பக்கம் இருந்தது, ஒருமுறை சுவர்ப் பக்கம், ஒருமுறை என் பக்கம். எந்தப் பக்கம் இருந்தாலும் அதில் மாவு விழவில்லை. அது விரிசல் விட்ட குழியும் அல்ல, நான் உள்ளே பார்த்தேன், எண்ணெய் பளபளத்தது.

மே மாத இறுதியில் அங்கே டிவோலி விழா வருகிறது. போகிறேன். அவர் அங்கே இருந்தால், வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும், இந்த முறை கேட்டுவிடுவேன்.