'அன்லிமிடெட்' திட்டம், பாதி மாதத்திலேயே வேகம் படுத்துவிடுகிறது: புகார் செய்தால் பலன் உண்டா?

இர்விங் மருமகள்
டெக்சஸில் இருக்கிறோம். ஊரிலிருந்து மாமனார் வந்திருக்கிறார். வீட்டில் தனியாக இணைய இணைப்பு எடுக்கவில்லை. என் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில்தான் அவருடைய டேப்லெட் ஓடுகிறது. திட்டத்தின் பெயரிலேயே 'அன்லிமிடெட்' என்று இருக்கிறது. பில் தேதியிலிருந்து இரண்டு வாரம் வரை ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு செய்தி வாசிப்பவர் வாயைத் திறந்தபடி நிற்கிறார், நடுவில் வட்டம் சுற்றுகிறது. மாமனார் டேப்லெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்க்கிறார்.

விற்கும்போது கடைக்காரர், "எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள், ஹாட்ஸ்பாட்டும் சேர்த்துத்தான்" என்று சொன்னார். வாடிக்கையாளர் சேவையை அழைத்தால் கைபேசியை அணைத்துவிட்டு மறுபடி போடச் சொல்கிறார்கள். அணைத்தேன், போட்டேன், வட்டம் சுற்றுகிறது. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எடிசன் குடும்பஸ்தன்
வேறு நிறுவனத்துக்கு மாறிவிடுங்கள். இவர்களோடு மல்லுக்கட்ட யாருக்கு நேரம் இருக்கிறது?

கோபுரத்தடி
மாறுவதற்கு முன் நோய் எது என்று பாருங்கள். இல்லாவிட்டால் போகிற இடத்திலும் இதே கதைதான். நான் இந்தத் துறையில் வேலை பார்ப்பவன். 'வேகம் குறைகிறது' என்று மக்கள் சொல்வதில் குறைந்தது மூன்று வேறு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, முன்னுரிமை இழப்பது. குறிப்பிட்ட அளவைத் தாண்டியவர்களை, கைபேசிக் கோபுரத்தில் நெரிசல் இருக்கும்போது மட்டும் வரிசையில் பின்னால் தள்ளுவார்கள். மாலை ஏழு மணிக்கு ஊர்ந்து போகும். விடியற்காலை நான்கு மணிக்குப் பறக்கும். இன்னொன்று, வீடியோவுக்கு மட்டும் கடிவாளம் போடுவது. மற்றதெல்லாம் சரியாக இருக்கும், படத்தின் தரம் மட்டும் 480பி-க்கு மேல் ஏறாது. மூன்றாவதுதான் அப்பட்டமான வேகக் குறைப்பு. இரவோ பகலோ, கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எண் ஓரிடத்தில் ஆணி அடித்ததுபோல் நிற்கும்.

ஆகவே வேகச் சோதனையை இரவு எட்டு மணிக்கு ஒரு முறை, விடியற்காலையில் ஒரு முறை செய்யுங்கள். இரண்டு நேரத்திலும் கைபேசியில் நேரடியாகவும், ஹாட்ஸ்பாட் வழியாக டேப்லெட்டிலும் பாருங்கள். கைபேசியில் சோதிக்கும்போது அதன் வைஃபை அணைந்திருக்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸின் ஃபாஸ்ட் டாட் காம் சோதனை, அவர்களுடைய சர்வர்களிலிருந்தே வேகத்தை அளக்கிறது. வேறொரு சோதனையில் விநாடிக்கு 80 மெகாபிட் காட்டி இதில் மட்டும் 2 காட்டினால், கடிவாளம் வீடியோவுக்குத்தான் என்று சந்தேகிக்கலாம். நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'வெஹே' (Wehe) செயலியும் செயலிவாரியான வேறுபாட்டைக் கண்டுபிடிக்கத்தான். எல்லாவற்றையும் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உங்கள் கணக்கில் அன்றுவரை செலவான டேட்டா, ஹாட்ஸ்பாட் டேட்டா இரண்டும் தனித்தனியாக இருக்கும். அந்தப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள்.

இர்விங் மருமகள்
பார்த்துவிட்டேன். கைபேசியில் நேரடியாக விநாடிக்கு 90 மெகாபிட்டுக்கு மேல் வருகிறது, இரவு எட்டு மணிக்கும்கூட. ஹாட்ஸ்பாட்டில் 0.6. விடியற்காலையிலும் அதே 0.6, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கோபுரத்தடி
ஆணி அகப்பட்டுவிட்டது. நெரிசலில் இப்படி ஒரே எண் வராது. ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் ஒரு ஒதுக்கீடு இருந்து, அது தீர்ந்ததும் விநாடிக்கு 600 கிலோபிட்டுக்கு இறக்கிவிடுகிறார்கள். தொழில்நுட்பக் கோளாறு எதுவும் இல்லை. திட்டமே அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

எடிசன் குடும்பஸ்தன்
அப்படியானால் சட்டப்படி சரிதானே? ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் எங்காவது போட்டிருப்பார்கள்.

சட்டாம்பிள்ளை
பொடி எழுத்தில் போட்டிருந்தால் போதுமா என்பதுதான் ஏடி அண்ட் டி என்ற கைபேசிச் சேவை நிறுவனத்தின் மேல் நடந்த வழக்கே. அந்த நிறுவனம் 2010-இல் புதியவர்களுக்கு அன்லிமிடெட் விற்பதை நிறுத்தியது; பழையவர்களை அதே திட்டத்தில் தொடர விட்டது. 2011-இலிருந்து மாதம் 2 ஜிபி தாண்டியவர்களின் வேகத்தைக்கூடக் குறைக்கத் தொடங்கியது. கூட்டாட்சி வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2014 அக்டோபரில் வழக்குப் போட்டது. 35 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள் என்பது புகார்.

நிறுவனம் உடனே வேறொரு கதவைத் தட்டியது: "நாங்கள் பொதுச் சேவை வழங்கும் தொலைபேசி நிறுவனம், எஃப்டிசிக்கு எங்கள் மேல் அதிகாரமே இல்லை." 2016-இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். 2018 பிப்ரவரியில் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு அதைக் கவிழ்த்தது. அந்த விலக்கு தொலைபேசிச் சேவை என்ற செயலுக்குத்தானே தவிர, நிறுவனம் செய்யும் எல்லா வேலைக்கும் அல்ல என்றது. அந்தத் தீர்ப்பு வராமல் போயிருந்தால், தொலைபேசிச் சேவை விற்கும் எந்த நிறுவனமும் எஃப்டிசியைப் பார்த்துச் சிரித்திருக்கும். 2019 நவம்பரில் 6 கோடி டாலருக்குச் சமரசம். 35 லட்சம் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 17 டாலர் சொச்சம். ஐந்து வருட வழக்கில் ஒரு வேளை ஓட்டல் சாப்பாடு.

பணத்தை விட நிபந்தனைதான் முக்கியம். வேகத்தைக் குறைக்கக் கூடாது என்று அதில் இல்லை. குறைப்பீர்கள் என்றால், 'அன்லிமிடெட்' என்று விளம்பரம் செய்யும் இடத்திலேயே கண்ணில் படும்படி சொல்லுங்கள், பொடி எழுத்திலும் சொடுக்கினால்தான் திறக்கும் இணையச் சுட்டிக்குள்ளும் ஒளித்து வைக்காதீர்கள் என்றுதான் இருக்கிறது. 2024 மே மாதத்தில் பெரும்பாலான மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்கள் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்கள்) மூன்று பெரிய கைபேசி நிறுவனங்களோடும் செய்த சமரசமும் இதே போக்குதான்.

ஆகவே சகோதரி, 'வேகத்தைக் குறைத்தார்கள்' என்று புகார் எழுதாதீர்கள். அதற்கு அவர்களிடம் பதில் தயாராக இருக்கும். 'விற்கும்போது ஹாட்ஸ்பாட் வரம்பைச் சொல்லவில்லை' என்று எழுதுங்கள். 2024 ஏப்ரலிலிருந்து பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு திட்டத்துக்கும் உணவுப் பொட்டலத்தின் சத்து அட்டவணை போன்ற ஒரு லேபிளை, விற்கும் இடத்திலேயே காட்ட வேண்டும் என்பது கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதி. உங்கள் இணையக் கணக்கிலும் அது கிடைக்கிறதா என்று பாருங்கள். அதை எடுத்துக் கடைக்காரர் சொன்னதோடு ஒப்பிடுங்கள். ரசீதில் ஹாட்ஸ்பாட் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் தங்கம்.

பிறகு எஃப்சிசியின் நுகர்வோர் புகார்ப் பக்கத்தில் 'இன்ஃபார்மல்' (முறைசாரா) புகார் கொடுங்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். நிறுவனம் 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். எஃப்டிசியிலும் பதிவு செய்யலாம், ஆனால் அவர்கள் தனிப்பட்ட புகாரைத் தீர்த்துவைக்க மாட்டார்கள். குவியல் சேர்ந்தால்தான் வழக்கு.

சான் ஹோசே சித்தப்பா
நேரே கோர்ட்டுக்குப் போக முடியாதா?

சட்டாம்பிள்ளை
ஒப்பந்தத்தில் கட்டாய மத்தியஸ்தம் இருக்கும், அதாவது தகராறை கோர்ட்டுக்கு வெளியே ஒரு நடுவரிடம்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை. பலர் சேர்ந்து போடும் கூட்டு வழக்குக்கும் அதுவே தடை. 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனால் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் பெரும்பாலும் விதிவிலக்கு வைத்திருப்பார்கள். 2012-இல் கலிபோர்னியாவில் ஒரு லாரி ஓட்டுநர் இதே வேகக் குறைப்புக்காக ஏடி அண்ட் டி மேல் தனியாகவே வாதாடி 850 டாலர் வாங்கினார். டெக்சஸில் ஜஸ்டிஸ் கோர்ட் என்று பெயர், 20,000 டாலர் வரை போகலாம். முதலில் எஃப்சிசி பதிலைப் பாருங்கள்.

இர்விங் மருமகள்
புகார் கொடுத்தேன். இதுவரை என்னைக் காத்திருக்க வைத்த நிறுவனம், மேலிட அலுவலகத்திலிருந்து தானாகவே அழைத்தது. ஹாட்ஸ்பாட் ஒதுக்கீடு லேபிளோடு இணைத்த பக்கத்தில் இருக்கிறதாம். ரசீதில் இல்லை என்று நான் சொன்னதும் கொஞ்சம் மௌனம். மூன்று மாதத்துக்குப் பில்லில் தள்ளுபடி தருகிறோம், புகார் தீர்ந்தது என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்கிறார்கள். சரி என்று சொல்லலாமா?

சட்டாம்பிள்ளை
தொலைபேசியில் சரி என்று சொல்லாதீர்கள். தள்ளுபடித் தொகையையும் மாதங்களையும் மின்னஞ்சலில் கேளுங்கள். கட்டணம் இல்லாமல் திட்டத்திலிருந்து விலக அனுமதியையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை. எழுத்தில் தரும் பதில் திருப்தி இல்லை என்றால், அதே புகாரின் கீழ் எஃப்சிசிக்கு மறுப்பு அனுப்பலாம்.

கோபுரத்தடி
அதுவரை மாமனார் டேப்லெட்டில் வீடியோ தரத்தை 240பி-யில் வையுங்கள். 600 கிலோபிட்டில் செய்தி தடங்கல் இல்லாமல் ஓடும். முகம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான்.