ஆர்ஓ தண்ணி மஞ்சளாச்சு, அவர் தண்ணி ஊதாவாச்சு... மெஷின் வாங்கலாமா?

போர்வெல்_வாசி: நேத்து ஆல்கலைன் மெஷின் (தண்ணிய காரமாக்குறது) டெமோ காட்ட ஒருத்தர் வந்தாரு. எங்க ஆர்ஓ தண்ணியில ரெண்டு சொட்டு என்னமோ விட்டாரு, மஞ்சளாயிடுச்சு, "ஆசிட் குடிக்கிறீங்க மேடம்"னாரு. அவர் தண்ணி ஊதா, பிஎச் (அமிலமா காரமான்னு காட்டுற அளவு, 7னா நடுநிலை) 9.5ஆம். ஒன்றரை லட்சம். வீட்டுக்காரர் பாதி சாஞ்சுட்டாரு.

காரசாரம்: தாராளமா வாங்குங்க சிஸ்டர். ரெண்டு வருஷமா குடிக்கிறோம், எனக்கு நெஞ்செரிச்சலே இல்ல. ரத்தம் 7.4ல இருக்கணும், ஆர்ஓ தண்ணி 6க்கு கீழ போகுது, யோசிங்க.

சோடாமூடி: ரத்தத்த நுரையீரலும் கிட்னியும் பாத்துக்கும் பாஸ். ஆர்ஓ சவ்வு பைகார்பனேட்ட (அமிலத்த தாங்குற உப்பு) புடிச்சுக்கும், கார்பன் டை ஆக்சைடு மட்டும் நழுவி வந்துடும், அது தண்ணியில கொஞ்சூண்டு அமிலமாகுது, தாங்கிப்பிடிக்க ஒண்ணும் இல்லாததால பிஎச் சர்ருனு எறங்குது, அவ்ளோதான். சுத்தமான தண்ணிய சும்மா காத்துபட வெச்சாலே 5.6க்கு வந்துரும். மோர் 4.5, அத ஆசிட்னு யாராச்சும் சொல்றோமா? பிஎச் 9.5னா ஹைட்ராக்சைடு, அதாவது காரம், லிட்டருக்கு 0.03 மில்லிமோல்தான், பிஎச் 2ல இருக்க வயித்து அமிலம் 3 மில்லிலிட்டர் போதும், காலி.

காரசாரம்: அரைகுறை கணக்கு. தண்ணியில கார்பனேட், பைகார்பனேட்டும் இருக்குல்ல, அத யாரு சேக்குறது? பிஎச் 8.8 தண்ணியில பெப்சின் (வயித்துல புரதத்த செரிக்கிற நொதி) செயலிழக்குதுன்னு 2012லயே ஆய்வு வந்தாச்சு.

சோடாமூடி: அத விட்டது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா அந்த ஆய்வு சோதனைக் குழாய்ல நடந்தது, அதுல ஊத்துனதும் மெஷின் தண்ணி இல்ல, இயற்கையா பைகார்பனேட் இருந்த ஆர்ட்டீசியன் கிணத்துத் தண்ணி! காரத்தன்மை 200 மில்லிகிராம் உள்ள சாதா போர் தண்ணியில லிட்டருக்கு 4 மில்லிமோல் பைகார்பனேட் இருக்கு, பிஎச் என்னமோ 7.5தான் காட்டும், ஆனா அமிலத்த தாங்குறது அந்த 0.03ஐ விட நூறு மடங்குக்கு மேல. காசு குடுத்து ஆர்ஓ வெச்சு அத வெளிய தள்ளிட்டு, மறுபடி ஒன்றரை லட்சம் குடுத்து உள்ள கூப்பிடுறோம்.

எதிர்வீட்டு_மாமா: அப்ப போர் தண்ணிய அப்படியே குடிக்கச் சொல்றீங்களா தம்பி? எங்க ஏரியால டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்ச உப்பு அளவு) 1800, டம்ளரெல்லாம் வெள்ளையா படியுது.

சோடாமூடி: இல்ல சார், 1800க்கு ஆர்ஓ வேணும்தான். ஆர்ஓ மெஷின்ல டிடிஎஸ் கன்ட்ரோலர் இருந்தா வால்வ லேசா தெறந்து போர் தண்ணி கொஞ்சம் கலந்துக்கலாம். அதுக்கு முன்னாடி லேப்ல குடுத்து பாத்துருங்க, ஃப்ளோரைடு அதிகம்னா கலக்கவே கூடாது. மேடம், அவர் திரும்ப வந்தா உங்க ஆர்ஓ தண்ணியில ஒரு சிட்டிகை ஆப்பசோடா (அதுவும் பைகார்பனேட்தான்) போட்டுட்டு சொட்டு விடச் சொல்லுங்க, மஞ்சள் வருதான்னு பாப்போம்.

போர்வெல்_வாசி: ஹாஹா, நாளைக்கு 11 மணிக்கு வர்றாரு. டப்பா மேஜை மேலயே இருக்கு.