கிளாரினெட் மேல் ஜாயின்டில் வெடிப்பு: ஒட்டினால் போதுமா, உலோகப் பின் போட வேணுமா?

வடலி:
வணக்கம். ரொறன்ரோவில இருக்கிறன். என்ரை பி-ஃப்ளாட் கிளாரினெட் கிரனடில்லா மரம். மேல் ஜாயின்டின்ரை (கிளாரினெட்டின்ரை மேல் பாதித் துண்டு) மேல் முனையில இருந்து ஒரு கோடு கீழ இறங்கி, ட்ரில் கீ (சுரத்தை வேகமா மாத்தி வாசிக்கிற சின்ன விசை) ஓட்டை ஒண்டுக்குள்ளால போகுது. நீளம் 35 மி.மீ. நகத்தால தேய்ச்சால் தட்டுப்படுது. ஹீட்டர் ஓடுற அறை, ஈரப்பதம் 22% காட்டுது. பேரல் (வாய்த்துண்டுக்குக் கீழ வாற குட்டைக் குழாய்) வளையமும் கையால சுத்தினால் சுத்துது. கீழ் சுரங்களுக்கு மூச்சு கூடப் போகுது. இது மரத்தின்ரை ரேகையா, வெடிப்பா? இப்ப எண்ணெய் பூசலாமோ? சூப்பர் க்ளூ விட்டால் நிற்குமோ?

கருங்காலி:
முதலில் வாசிப்பதை நிறுத்துங்கள். எண்ணெய் வேண்டவே வேண்டாம். எண்ணெய் ஊறிய பிளவில் எந்தப் பசையும் பிடிக்காது. ஒட்ட வேண்டியிருந்தால் அது எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

ரேகையா வெடிப்பா என்று பார்க்க, அந்த இடத்துக் கீகளைக் கழற்றிவிட்டு, பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுக் கோட்டின் குறுக்கே ஒரு முறை இழுங்கள். மேற்பரப்பு சில நொடிகளில் காய்ந்துவிடும். வெடிப்பு என்றால் உள்ளே இறங்கிய ஈரம் கறுப்புக் கோடாக இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். அந்தக் கோடு எங்கே முடிகிறதோ அதுதான் உண்மையான முனை. பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதைவிடச் சில மி.மீ தள்ளியே இருக்கும். அங்கே வெள்ளைப் பென்சிலால் குறி வையுங்கள். வளர்கிறதா என்று பிறகு ஒப்பிடலாம்.

அடுத்தது காற்றுச் சோதனை. கீழ் முனையை ரப்பர் அடைப்பானால் மூடி, விரல் ஓட்டைகளைப் பொத்தி, மேல் முனையில் வாய் வைத்து உறிஞ்சுங்கள். உறிஞ்சல் சில நொடிகளாவது நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ட்ரில் கீயைக் கழற்றி, அதன் ஓட்டையைக் கார்க்கால் அடைத்து, வெடிப்பின் மேல் செலோ டேப் ஒட்டி மறுபடி உறிஞ்சுங்கள். இப்போது நின்றால் கசிவு அந்த இடத்தில்தான். நிற்காவிட்டால் வேறு பேடுகளை (ஓட்டைகளை மூடும் மெத்தைகள்) பாருங்கள். வெடிப்பின் மேல் பழி போட வேண்டாம்.

பேரல் வளையம் தளர்ந்ததுதான் இதில் முக்கியமான செய்தி. மரம் சுருங்கிவிட்டது. வாசிக்கும்போது உள்துளைப் பக்கம் சூடும் ஈரமும் ஏறி விரிகிறது, வெளிப்பக்கம் 22% காற்றில் காய்ந்து இறுகுகிறது. இழுவை தாங்காமல் வெளித்தோல் பிளக்கிறது. ஓட்டைகள் நெருங்கி மரம் குறைவாக இருக்கும் மேல் ஜாயின்டில்தான் இது அதிகம்.

அதனால் பசைக்கு முன் ஈரம். பெட்டிக்குள் 49% இருவழி ஈரப்பதப் பை (ஈரத்தை விடவும் இழுக்கவும் செய்வது) ஒன்றும் சின்ன ஈரமானியும் வைத்து இரண்டு வாரம் விடுங்கள். நனைத்த பஞ்சை மரத்தில் படும்படி வைக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் ஊதிவிடும். காய்ந்து விரிந்து நிற்கும் வெடிப்பில் இன்றே பசை ஊற்றினால், மரம் மறுபடி ஊறி மூட வரும்போது அந்தப் பசையே ஆப்பாக நின்று பிளவை நீட்டும். ஒட்டிய இடத்துக்கு அடுத்தே புது வெடிப்பு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வடலி:
இரண்டு கிழமை பெட்டிக்குள்ள வைச்சன், இப்ப 48%. வளையம் இறுகிட்டுது. கோடு நல்லா ஒடுங்கிட்டுது, ஆனால் போகேல்லை. பென்சில் குறியைத் தாண்டவும் இல்லை. டேப் ஒட்டி, ஓட்டையையும் அடைச்சால் உறிஞ்சல் நிற்குது. எடுத்தால் நிற்குதில்லை.

மரத்தூள்:
அப்படியென்றால் கசிவு ட்ரில் ஓட்டையின் விளிம்பில்தான். பேட் உட்காரும் வட்டம் பிளந்திருந்தால் எவ்வளவு நல்ல பேட் போட்டாலும் காற்று அடியில் ஓடும். வெடிப்பு ஓட்டையைத் தொடாமல், 10 மி.மீ அளவில் மேலோட்டமாக இருந்திருந்தால் வீட்டிலேயே செய்யுங்கள் என்று சொல்லியிருப்பேன். இதை ரிப்பேர்காரரிடம் கொடுங்கள்.

மேலோட்டமான வெடிப்புக்கு வேலை இப்படி. பக்கத்துக் கீகள், ஸ்பிரிங்குகள், கீகளைத் தாங்கும் போஸ்டுகள் வரை கழற்ற வேண்டும். பசை போஸ்டின் திருகுமரைக்குள் போனால் அது தனித் தொல்லை. வெடிப்பை நாஃப்தா என்ற கரைப்பானால் கழுவிக் காயவிட வேண்டும். இருபுறமும் டேப் ஒட்டி, தண்ணீர் போல் ஓடும் மெல்லிய சயனோஅக்ரிலேட்டை (சூப்பர் க்ளூ) ஊசி முனையால் சொட்டுச் சொட்டாக விட்டால் அது தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே இறங்குவது நின்ற பிறகு கிரனடில்லாத் தூளைத் தேய்த்து, மேலே இன்னொரு சொட்டு. பசையை வேகமாக இறுக்கும் ஆக்ஸிலரேட்டர் தெளிக்கக் கூடாது. பசை நுரைத்து, நொறுங்கும்படி ஆகிவிடும். ஒரு நாள் விட்டு, சவரப் பிளேடால் மட்டம் சுரண்டி, 0000 ஸ்டீல் வூல் போட்டால் கோடு கண்ணுக்குத் தெரியாது. முகமூடி கட்டாயம்: இந்த மரத்தூள் பலருக்கு மூச்சு ஒவ்வாமையும் தோல் அரிப்பும் தரும்.

ஆனால் மரம் அசையும்போது வரும் இழுவையை இந்தப் பசை மட்டும் தாங்காது. அது காற்றைத் தடுக்கும், அவ்வளவே. 35 மி.மீ வெடிப்புக்கு இருபக்க மரத்தையும் பிடித்து நிறுத்த ஏதாவது வேண்டும்.

கருங்காலி:
ஆமாம், பின். வெடிப்புக்குக் குறுக்கே, மேற்பரப்பிலிருந்து சுமார் 3 மி.மீ ஆழத்தில் 1.25 மி.மீ துளை போட்டு எம்1.6 (1.6 மி.மீ விட்ட) மரையுள்ள எஃகுக் கம்பி இறக்குவார்கள். 28 மி.மீ விட்டமுள்ள ஜாயின்டில் அந்த ஆழத்தில் துளை ஏறக்குறைய 17 மி.மீ நீளம் வரும், உள்துளைக்கும் பின்னுக்கும் நடுவே 2 மி.மீ.க்கு மேல் மரம் எஞ்சும். கோணம் கொஞ்சம் தவறினால் உள்துளைக்குள் போய்விடும். அதனால்தான் கைத்துரப்பணத்தில் வேண்டாம் என்கிறோம். கம்பியைச் சூடாக்கித் திருகி, வெளியே நிற்பதை மரத்துக்குள் ஒரு மி.மீ இறங்கியபடி முறித்து, தூளும் பசையும் வைத்து அடைப்பார்கள். உங்களுக்கு 3 பின், இடையே 10 மி.மீ, ஒன்று இடமிருந்து ஒன்று வலமிருந்து. கடைசிப் பின் வெடிப்பு முனைக்குக் கிட்ட இருக்க வேண்டும். ட்ரில் ஓட்டைக்கு மேலேயும் கீழேயும் ஒவ்வொன்று.

மரத்தூள்:
நான் கார்பன் ஃபைபர் வளையத்தைத்தான் விரும்புவேன். லேத்தில் 1 மி.மீ ஆழக் காடி வெட்டி, எப்பாக்ஸியில் நனைத்த இழையை இறுக்கிச் சுற்றினால் சுற்றளவு முழுவதும் பிடிக்கும். உலோகப் பின் அந்த இடத்தை மட்டும்தான் பிடிக்கும். ஆனால் ட்ரில் ஓட்டைகள் இருக்கும் பகுதியில் காடிக்கு இடமில்லை, மேல் முனையில் ஒன்று போடலாம். முனையில் வளையம், ஓட்டையருகே பின் என்று இரண்டும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

ஓட்டையை மறக்க வேண்டாம். விளிம்பை நிரப்பி மட்டப்படுத்துவது ஒரு வழி. வெடிப்பு ஓட்டைச் சுவர் வழியே உள்வரை போயிருந்தால், ஓட்டையைப் பெரிதாக்கி எபோனைட் (கடின ரப்பர்) குழாய் ஒன்றைப் பொருத்தி, அதில் புது விளிம்பு வெட்டுவதுதான் நிலைக்கும். பிறகு மரம் எப்படி அசைந்தாலும் பேடுக்குக் கீழே விளிம்பு உடையாது. கொடுக்கும்போது இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "ஓட்டைக்குள் புது குழாய் போடுவீர்களா, வெறும் நிரப்பலா?"

வடலி:
மிக்க நன்றி ரெண்டு பேருக்கும். திருத்தி வந்தாப்பிறகு எப்படித் தொடங்கிறது?

கருங்காலி:
முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்கு 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பிறகு மெல்லக் கூட்டுங்கள். குளிரிலிருந்து வந்ததும் ஊதாமல், மேல் ஜாயின்டை வெளிப்புறமாக உள்ளங்கையில் பொத்தி அறை வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். ஊதிச் சூடாக்குவது நேர் எதிர். உள்ளே மட்டும் சூடேறும். முடித்ததும் உள்துளையையும் டெனன் சாக்கெட்டையும் (துண்டுகள் ஒன்றில் ஒன்று செருகும் இடம்) துடைத்துவிட்டு மூடுங்கள். அறையில் 40%-க்குக் குறைந்தால் ஈரமூட்டி ஓடட்டும், பெட்டிக்குள் பை எப்போதும் இருக்கட்டும். பேரல் வளையத்தை அவ்வப்போது திருகிப் பாருங்கள். சுற்றினால் அன்றைக்கு வாசிக்க வேண்டாம்.