இன்டீரியர் டிசைன் தொழிலுக்குப் பார்ட்னர்ஷிப் பத்திரம்: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. கோவையில் நானும் என் கல்லூரித் தோழியும் சேர்ந்து இன்டீரியர் டிசைன் நிறுவனம் தொடங்குகிறோம். பணம் பெரும்பாலும் அவளுடையது. டிசைன், சைட், ஆசாரிகளிடம் வேலை வாங்குவது என் பொறுப்பு.

1932-ஆம் ஆண்டு பார்ட்னர்ஷிப் சட்டப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் லாப நஷ்டம் சரிபாதி, பதிவு செய்யாத நிறுவனம் பாக்கி வைத்த வாடிக்கையாளர் மேல் வழக்குப் போட முடியாது, அதனால் நாங்கள் கண்டிப்பாகப் பதிவு செய்துவிடுவோம். முதலுக்கு வட்டி (12 சதவீதம் வரை), எனக்குச் சம்பளம், இரண்டும் பத்திரத்தில் இருந்தால்தான் வரிக்கணக்கில் செலவாகக் காட்டலாம், அதுவும் சரி.

ஆனால் பிளைவுட் கடை தரும் கமிஷன் நிறுவனத்துக்கா, சரக்கு வாங்கப் போன பார்ட்னருக்கா? நாளைக்குப் பிரிந்தால் நான் வரைந்த டிராயிங், த்ரீடி, முடித்த வீடுகளின் போட்டோக்கள் யாருக்கு? அட்வான்ஸ் வாங்கி, கார்கஸ் (அலமாரியின் பெட்டி) மாட்டி, ஷட்டர் (அதன் கதவு) வராமல் நிற்கிற மாடுலர் கிச்சனை யார் முடித்துக் கொடுப்பது? இதுதான் எனக்குப் பெரிய கவலை, நடுவில் மாட்டுவது வீட்டுக்காரர். கிடைத்த மாதிரிப் பத்திரங்களில் இதெல்லாம் இல்லவே இல்லை.

இதே தொழிலில் இருப்பவர்கள் இந்த ஷரத்துகளை எப்படி எழுதினீர்கள்? பெயர், தொகையை மறைத்துவிட்டு அந்தப் பத்திகளை மட்டும் பகிர முடியுமா? வக்கீலிடம் போவதற்குள் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடித்துவிட வேண்டும்.